ஃபோர்ட் பூயி இடிபாடுகளுக்குப் போய்வருவது எப்படி: முழுமையான வழிகாட்டி

அரிசோனாவின் தென்கிழக்கு மூலையில், அப்பாச்சி கணவாயில் இருக்கிறது ஃபோர்ட் பூயி. எழுத்தைப் பார்த்து 'போவி' என்று படிக்கத் தோன்றும். அந்தப் பக்கத்து மக்கள் 'பூயி' என்றுதான் சொல்கிறார்கள். 1862 முதல் 1894 வரை அமெரிக்க ராணுவம் இங்கே இருந்தது. இப்போது மிஞ்சியிருப்பவை மொட்டைச் சுவர்களும் அஸ்திவாரக் கற்களும். கார் இடிபாடுகள் வரை போகாது. ஒன்றரை மைல் நடக்க வேண்டும், திரும்பி வரவும் அதே தூரம். நுழைவுக் கட்டணம் இல்லை.

நான் ஃபீனிக்ஸ் பக்கம் வசிக்கிறேன். நண்பர்களையும் ஊரிலிருந்து வந்தவர்களையும் பலமுறை அங்கே கூட்டிப்போயிருக்கிறேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள்: தப்பான மாதம், தப்பான சாலை, போதாத தண்ணீர். இத்தனையும் தாண்டி மேலே போனால், "சரி, கோட்டை எங்கே?" என்று ஒரு கேள்வி. அகழி, மதில், கொத்தளம் என்று எதிர்பார்த்து வந்தவருக்கு இடுப்பளவு மண் மேடுகள் ஏமாற்றமாகத்தான் இருக்கும். இந்தக் கோட்டைக்கு எந்தக் காலத்திலும் சுற்றுமதில் இருந்ததில்லை. ஒரு நீரூற்றைக் காவல் காக்கப் போடப்பட்ட முகாம் அது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு வழியில் உள்ளவற்றை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனால், மேலே இருக்கும் மண் மேடுகளுக்கு அர்த்தம் வரும்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

மார்ச், ஏப்ரல் நல்லது. அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முடிய இன்னும் நல்லது.

இடம் சுமார் 5000 அடி உயரத்தில் இருப்பதால் ஃபீனிக்ஸைவிடச் சூடு குறைவு. இதை நம்பித்தான் பலர் ஜூன் மாதம் கிளம்புகிறார்கள். பாதையில் நிழல் மிகக் குறைவு என்பதை யோசிப்பதில்லை. நகரத்தில் நிழலுக்கு நிழல் தாவி நடப்பவருக்கு, மூன்று மைல் வெயில் என்றால் என்னவென்று முதல் அரை மணி நேரத்தில் புரிந்துவிடும்.

ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை இங்கே மழைக்காலக் கணக்கு. ஜூலை, ஆகஸ்டில் காலை வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். பிற்பகலில் இடி மின்னலோடு கொட்டும். அப்போது இரண்டு ஆபத்துகள். ஒன்று மின்னல், மலை முகட்டில் ஒதுங்க இடம் கிடையாது. இன்னொன்று மணலோடைகள். இங்கே 'வாஷ்' என்பார்கள். ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் இவற்றில், எங்கோ மலையில் பெய்த மழை திடீரென்று வெள்ளமாக வந்துவிடும். உங்கள் தலைக்கு மேல் ஒரு துளி விழுந்திருக்காது.

டிசம்பர், ஜனவரியில் தாராளமாகப் போகலாம். பகல் குறுகியது, சில நாள் பனியும் விழும். கையுறை எடுத்துக்கொள்ளுங்கள்.

2. நேரக் கணக்கைக் கடைசியிலிருந்து போடுங்கள்

நடைபாதை சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரைதான். ஆகவே அன்றைய அஸ்தமன நேரத்தை எடுத்துக்கொண்டு அதிலிருந்து பின்னோக்கி வாருங்கள். மூன்று மைல்தானே, ஒன்றரை மணி நேரம் போதும் என்பது ஜிம் கணக்கு. நின்று பார்த்து, உட்கார்ந்து சாப்பிட்டு வர மூன்றரை மணி நேரம் வேண்டும். குழந்தைகள் இருந்தால் நான்கு.

மேலே இருக்கும் விசிட்டர் சென்டர் அஸ்தமனத்துக்கு வெகு முன்பே மூடிவிடும், நாட்களும் மாறும். முந்தின நாள் தேசியப் பூங்காச் சேவையின் இணையப் பக்கத்தில் பார்த்துவிடுங்கள்.

டூசானிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். ஃபீனிக்ஸிலிருந்து மூன்றரை மணிக்குமேல் ஆகும். ஒரே நாளில் போய்த் திரும்ப முடியும், ஆனால் நான் செய்யமாட்டேன். முதல் நாள் இரவு பக்கத்து ஊரான வில்காக்ஸில் தங்கிவிட்டால் காலை 9 மணிக்கு நடக்கத் தொடங்கலாம். வெயில் ஏறும் முன் மேலே போயிருப்பீர்கள்.

நியூ மெக்சிகோ பக்கமிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அரிசோனாவின் பெரும்பகுதி கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளுவதில்லை. மார்ச் முதல் நவம்பர் வரை லார்ட்ஸ்பர்க்கில் 9 மணி என்றால் இங்கே 8 மணிதான். கையில் நியூ மெக்சிகோ நேரம் காட்டும் கடிகாரத்தோடு வந்து, விசிட்டர் சென்டர் திறக்கவில்லையே என்று கதவைத் தட்டிய ஒருவரை எனக்குத் தெரியும்.

3. வண்டியிலும் பையிலும் இருக்க வேண்டியவை

தண்ணீர்தான் முதல். ஆளுக்கு இரண்டு லிட்டர், வெயில் நாளில் மூன்று. அது உங்கள் முதுகில் இருக்க வேண்டும், காரில் இருந்து பயனில்லை. மேலே விசிட்டர் சென்டரில் நிரப்பிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் பாதி பாட்டிலோடு கிளம்பாதீர்கள். அது பூட்டியிருக்கும் நாளில் அந்த நம்பிக்கையும் பூட்டிக்கொள்ளும்.

சாப்பாடு கையோடு வேண்டும், அங்கே கடை எதுவும் இல்லை. தயிர்சாதம் காரில் புளித்துவிடும். எலுமிச்சை சாதமும் வறுவலும் தாங்கும்.

காலுக்கு மூடிய ஷூ. பாதை முழுக்கச் சரளைக் கல், ஓரத்தில் முள். ஹவாய் செருப்பில் வந்த ஒருவருக்காகக் கால் மைலிலேயே எல்லோரும் திரும்பியிருக்கிறோம். முழுக்கால் பேன்ட் நல்லது. இங்கே உள்ள ஒரு முள்செடி சேலை முந்தானையைப் பிடித்தால் விடாது. கூடவே ஒரு பழைய சீப்பும் சின்ன இடுக்கியும் போட்டுக்கொள்ளுங்கள். கள்ளி முள் ஒட்டினால் கையால் பிடுங்கினால் அது கைக்கு மாறிக்கொள்ளும். சீப்பை நுழைத்துத் தட்டிவிட வேண்டும்.

செல்போன் சிக்னலை நம்ப முடியாது. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

அடையாள ஆவணத்தை மறக்காதீர்கள். இது மெக்சிகோ எல்லையை ஒட்டிய மாவட்டம், எல்லைக் காவல் வண்டிகள் சுற்றிக்கொண்டே இருக்கும். பச்சை அட்டை (கிரீன் கார்டு) வைத்திருக்கும் 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் அதைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். விசாவில் இருப்பவர்கள் பாஸ்போர்ட்டும், நாட்டுக்குள் நுழைந்ததைக் காட்டும் ஐ-94 தாளும் எடுத்துக்கொள்வது நல்லது.

4. இரண்டு சாலைகளில் வடக்குச் சாலையைப் பிடியுங்கள்

நடை தொடங்கும் இடத்தை இங்கே ட்ரெயில்ஹெட் என்பார்கள். அங்கே போக இரண்டு வழி.

ஒன்று, ஐ-10 நெடுஞ்சாலையில் 362ஆம் எண் வெளிவழியில் இறங்கி, பூயி ஊருக்குள் போய், அப்பாச்சி பாஸ் ரோட்டில் தெற்கே சுமார் 13 மைல். இன்னொன்று, வில்காக்ஸிலிருந்து 186ஆம் சாலையில் தென்கிழக்கே 20 மைல் போய், அங்கிருந்து மண் சாலையில் திரும்பிக் கணவாய் ஏறுவது.

டூசானிலிருந்து வருகிறவர்களுக்கு வில்காக்ஸ்தான் முதலில் வரும். போனும் சில சமயம் அந்த வழியையே காட்டும். புதியவர்கள் அதில் போய்விடுகிறார்கள். முதல் முறை நானும் அப்படித்தான் போனேன், ஆகஸ்ட் மாதம். முந்தின நாள் பெய்த மழையில் ஓடை சாலையைக் குறுக்கே அறுத்திருந்தது. செடான் வண்டி. இறங்கிப் பார்த்தேன், சேறு கணுக்காலுக்குமேல் ஏறியது. பேசாமல் வண்டியைத் திருப்பினேன். அன்று கோட்டையைப் பார்க்கவில்லை.

ஆகவே முதல் முறை பூயி வழியாகவே போங்கள். வறண்ட நாளில் மண் சாலை சாதாரணக் காருக்கும் ஒத்துவரும்தான். ஆனால் வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். தார் போடாத சாலையில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று பல நிறுவனங்கள் எழுதியிருக்கும்.

போனில் 'ஃபோர்ட் பூயி' என்று மட்டும் போட்டால் குறி இடிபாடுகளின் மேலேயே விழலாம். அங்கே பொதுமக்கள் வண்டி போகாது. 'ஃபோர்ட் பூயி ட்ரெயில்ஹெட்' என்று தேடுங்கள்.

பெட்ரோலை வில்காக்ஸிலேயே நிரப்புங்கள், பூயி மிகச் சிறிய ஊர். மின்சாரக் கார் என்றால் திரும்பி வரும் தூரத்தையும் மலையேற்றத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

வில்காக்ஸ் அருகே காய்ந்த ஏரிப் படுகை ஒன்று இருக்கிறது. காற்று கிளம்பினால் அந்தப் புழுதி நெடுஞ்சாலையை மூடிவிடும். எதிரே சாலை தெரியவில்லை என்றால் வண்டியைச் சாலையை விட்டு முழுக்க விலக்கி நிறுத்துங்கள், எல்லா விளக்குகளையும் அணையுங்கள், கைப் பிரேக் போட்டுவிட்டுப் பிரேக் மிதியிலிருந்து காலை எடுங்கள். எரிகிற பின்விளக்கைப் பார்த்தால், பின்னால் வருகிறவர் நீங்கள் சாலையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைத்து வந்து மோதுவார். காலை எடுக்கச் சொல்வதும் அதற்காகத்தான்.

5. ட்ரெயில்ஹெட்டில் பத்து நிமிடம்

கழிப்பறை இங்கே உண்டு, போய்விட்டு வாருங்கள். தொப்பி, தண்ணீர், ஆள் எண்ணிக்கை சரிபாருங்கள். மேற்கே மேகம் கட்டியிருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். கட்டியிருந்தால் காரில் அரை மணி நேரம் காத்திருப்பது புத்திசாலித்தனம்.

பெரியவர் ஒருவர் முன்னால், குழந்தைகள் நடுவில். வெயில் காலத்தில் ராட்டில்ஸ்நேக் பாம்புகள் பாதைக்கு வரும், முன்னால் ஓடும் குழந்தைதான் முதலில் மிதிக்கும். கிலுகிலு சத்தம் கேட்டால் அப்படியே நில்லுங்கள். எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பின்னால் நகருங்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கை வைக்காதீர்கள், கல் மேல் உட்காரும் முன் அதன் அடியைப் பாருங்கள். காதில் பாட்டு வேண்டாம்.

6. போகும்போதே நின்று நின்று பாருங்கள்

பெரும்பாலோர் செய்யும் தவறு, "திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரே மூச்சில் மேலே போவது. திரும்பும்போது வெயில் உச்சியில் இருக்கும், கால் வலிக்கும், யாரும் நிற்கமாட்டார்கள்.

பாதை ஸைஃபன் கேன்யன் ஓடையைக் கடந்ததும் தரையோடு தரையாகக் கல் வரிசைகள் தெரியும். பட்டர்ஃபீல்டு என்ற நிறுவனத்தின் அஞ்சல் வண்டி நிலையத்தின் அஸ்திவாரம், 1858இல் கட்டியது. குதிரை மாற்றவும் தண்ணீர் காட்டவும் இங்கே நிறுத்துவார்கள். வண்டிப் பாதை ஏன் சமவெளியை விட்டுவிட்டு இந்த இடுக்குக்குள் வந்தது என்று இங்கே நின்று கேட்டுக்கொள்ளுங்கள். விடை மேலே அரை மைலுக்கும் குறைவான தூரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்து கல்லறைத் தோட்டம். படைவீரர்களின் எச்சங்களை 1895இல் சான் பிரான்சிஸ்கோ தேசியக் கல்லறைக்கு எடுத்துப்போய்விட்டார்கள். இந்த மண்ணின் பூர்வகுடிகளான அப்பாச்சி மக்களின் போர்த்தலைவர் ஜெரோனிமோவின் மகன் லிட்டில் ரோப் பெயரில் ஒரு பலகை இருக்கிறது, சின்னக் குழந்தை. மரப்பலகைகளைத் தொட வேண்டாம், குழிகளின் மேல் நடக்க வேண்டாம். அப்பாச்சி மக்களுக்கு இந்த இடம் சுற்றுலாத் தலம் இல்லை, அவர்கள் பிடுங்கியெறியப்பட்ட வீடு. சத்தம் போட்டுப் பேசிக்கொண்டு வந்தவர்களும் இங்கே தானாகவே குரலைத் தாழ்த்துவதைப் பார்த்திருக்கிறேன்.

வழியில் வளைந்த கழிகளால் கட்டிய ஒரு குடிசைச் சட்டகம் வரும், அப்பாச்சி குடிசையின் மாதிரி. குழந்தைகள் உள்ளே நுழையப் பார்ப்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பது போதும்.

7. ஊற்றில் உட்காருங்கள்

அப்பாச்சி ஊற்று வந்துவிட்டது என்று பலகைக்கு முன்னாலேயே உடம்பு சொல்லிவிடும். மரம் அடர்கிறது, காற்று குளிர்கிறது, பறவைச் சத்தம் கூடுகிறது. பாறைக்கு நடுவே மெல்லிய நீர், சாய்த்து வைத்த செம்பிலிருந்து வழிகிற அளவுதான். "இவ்வளவுதானா?" என்பார்கள். இவ்வளவுதான்.

1862 ஜூலை 15 அன்று சுமார் 40 மைல் நடந்து, நாக்கு வறண்டு வந்த கலிபோர்னியா காலாட்படைக்கும் இந்த நீருக்கும் நடுவே, சுற்றியிருந்த மேடுகளில் அப்பாச்சித் தலைவர்களான கொச்சீஸும் மாங்கஸ் கொலராடஸும் தம் வீரர்களோடு காத்திருந்தார்கள். ராணுவம் சின்னப் பீரங்கிகளை வைத்துச் சுட்டுத்தான் தண்ணீர் எடுத்தது. சண்டை முடிந்து இரண்டே வாரத்தில் கோட்டை போட உத்தரவு. தலையை உயர்த்திச் சுற்றிலும் பாருங்கள், அந்த மேடுகள் அப்படியே இருக்கின்றன. கையில் முக்கால் காலியான பாட்டிலோடு பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும்.

இந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கை கால் கழுவாதீர்கள். காட்டு விலங்குகளுக்கு இதுதான் ஆதாரம். பதினைந்து நிமிடம் நிழலில் இருந்துவிட்டு எழுந்திருங்கள். இதற்குமேல் இப்படி நிழல் கிடைக்காது.

8. இரண்டு கோட்டைகள், குழம்பாதீர்கள்

ஒரு கிளைப்பாதை முதல் கோட்டைக்குப் பிரியும். 1862இல் அவசரமாக மேட்டின் மேல் போட்டது. கற்குவியலைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. தெம்பு இருந்தால் போங்கள், இல்லாவிட்டால் நஷ்டமில்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு "கோட்டை இவ்வளவுதான்" என்று திரும்பிவிட்ட ஒரு குடும்பத்தை நான் பாதையில் சந்தித்திருக்கிறேன். 1868இல் தொடங்கிய இரண்டாவது கோட்டைதான் நீங்கள் பார்க்க வந்தது.

அங்கே போனதும் சுவர்களைத் தேடி அலையாதீர்கள். நேராகக் கொடிக்கம்பத்துக்குப் போங்கள். அது நிற்கும் சரிவான வெளிதான் பரேடு மைதானம். அதைச் சுற்றித்தான் அதிகாரிகள் வீடுகள், வீரர்கள் தங்கும் கூடங்கள், மருத்துவமனை, கிடங்குகள், குதிரைப் பட்டிகள் எல்லாம் இருந்தன. ஆங்காங்கே வைத்திருக்கும் பலகைகளில் பழைய புகைப்படங்கள் உண்டு. ஒவ்வொரு பலகை முன்னாலும் நின்று, படத்தில் உள்ள மலை முகட்டையும் எதிரே உள்ள முகட்டையும் ஒப்பிடுங்கள். மலை மாறவில்லை, ஆகவே கட்டடம் எங்கே நின்றது என்று கண் தானாகவே பொருத்திக்கொள்ளும். படைத் தலைவரின் விக்டோரிய பாணி மாளிகையை இப்படித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இன்று அங்கே அடித்தளம்தான் இருக்கிறது.

சுவர்கள் பச்சைச் செங்கல்லால் ஆனவை, இங்கே அடோபி என்பார்கள். களிமண்ணும் மணலும் வைக்கோலும் பிசைந்து வெயிலில் காயவைத்தது. கூரை இருக்கும்வரை நிற்கும், கூரை போனால் மழையில் கரையும். ராணுவம் போன பிறகு அக்கம்பக்கத்தினர் கதவு, ஜன்னல், உத்தரம் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போனார்கள். அப்புறம் கரைய வேண்டியதுதானே? இப்போது வழவழப்பாகத் தெரிவது, கரைவதைத் தடுக்கப் பூங்காச் சேவை மேலே பூசிய சுண்ணாம்புப் பூச்சு. சிமெண்ட் பூசிக் கெடுத்துவிட்டார்களே என்று முதலில் நானும் திட்டினேன்.

அதனால் சுவரில் சாயாதீர்கள், ஏறாதீர்கள், குழந்தையை மேலே உட்காரவைத்துப் படம் எடுக்காதீர்கள். பூச்சில் ஒரு விரிசல் விழுந்தால் அடுத்த மழை அதன் வழியே உள்ளே போய்விடும். தரையில் துருப்பிடித்த ஆணி, கண்ணாடிச் சில்லு, பொத்தான் கிடைக்கலாம். குனிந்து பாருங்கள், எடுக்காதீர்கள். எடுப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். கிடந்த இடத்திலேயே கிடந்தால்தான் ஆய்வாளருக்கு அது சமையலறையா பட்டியா என்று தெரியும்.

சாப்பாட்டை விசிட்டர் சென்டர் முகப்பு நிழலில் வைத்துக்கொள்ளுங்கள். ரேஞ்சர் (பூங்கா அலுவலர்) இருந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள், நன்றாகப் பேசுவார்கள். குப்பை முழுவதும் உங்களோடு கீழே வர வேண்டும், வாழைப்பழத் தோல் உட்பட.

9. திரும்பும் வழி

விசிட்டர் சென்டருக்குப் பின்னாலிருந்து ஓவர்லுக் ரிட்ஜ் என்ற பாதை முகட்டில் ஏறி, கீழே நீங்கள் வந்த பாதையோடு சேர்கிறது. மேலிருந்து கோட்டையின் முழு அமைப்பும் ஒரே பார்வையில் கிடைக்கும். கணவாய் ஏன் கழுத்து மாதிரி முக்கியமானது என்பதும் தெரியும். ஆனால் ஏற்றம் செங்குத்து, கல் உருளும், நிழல் அறவே இல்லை. முட்டி வலி உள்ளவர்களும், இடி சத்தம் கேட்ட நாளில் எல்லோரும் வந்த வழியே திரும்புங்கள்.

இதையே ஏறும் வழியாக வைத்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். நிலையம், கல்லறை, ஊற்று எதையும் பார்க்காமல் கோட்டையில் போய் இறங்குவீர்கள், பழைய கேள்விதான் மறுபடி வரும்.

10. அம்மா அப்பாவைக் கூட்டிப்போவதென்றால்

நடக்க முடியாதவர்களுக்கு விசிட்டர் சென்டர் அருகே வரை வண்டியில் போக ஒரு தனிச் சாலை இருக்கிறது. முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு ஏற்பாடு செய்ய வேண்டும். நேரே போய் நின்றால் கதவு பூட்டியிருக்கும். நல்ல ஏற்பாடு இது: ஒருவர் பெரியவர்களோடு வண்டியில் போகட்டும், மற்றவர்கள் நடந்து வந்து மேலே சேர்ந்துகொள்ளட்டும். எங்கள் வீட்டு அத்தை அப்படித்தான் வந்தார். நாங்கள் வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தபோது நிழலில் உட்கார்ந்துகொண்டு, "ஏன்டா இவ்வளவு நேரம்?" என்றார்.

நடக்கக்கூடிய பெரியவர்கள் என்றால் ஊற்றுவரை கூட்டிப்போய், அங்கே ஒரு முடிவு எடுங்கள். மூச்சு வாங்கினாலோ தலை சுற்றினாலோ அங்கிருந்தே திரும்பிவிடுங்கள். நிழலில் எடுக்கும் முடிவு சரியாக இருக்கும், வெயிலில் வீம்புதான் பேசும்.

11. கிளம்பும்போது

காரில் ஏறும் முன் ஷூவையும் பேன்ட் மடிப்பையும் தட்டிவிடுங்கள். முள் சீட்டில் ஏறினால் வாரக்கணக்கில் குத்தும். எல்லோரும் ஒரு பாட்டில் தண்ணீர் குடித்த பிறகு வண்டியை எடுங்கள். அப்பாச்சி பாஸ் ரோட்டில் மாடுகள் வேலியில்லாமல் மேயும், பொழுது சாயும் நேரத்தில் சாலை நடுவே அசையாமல் நிற்கும், மான்களும் குறுக்கே பாயும். இருட்டுவதற்குள் நெடுஞ்சாலையைப் பிடித்துவிடுங்கள்.